பல்கலைக்கழக வளாகத்தில் பாலியல் வன்முறை: யாரிடம் போவது, எதை எப்போது செய்வது

"மேடம், என் ஃபிரண்டுக்கு ஒரு பிரச்சினை…" என்றுதான் பெரும்பாலும் ஆரம்பிக்கும். பத்து நிமிடம் பேசியபின், அந்த ஃபிரண்ட் எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்ணேதான் என்பது புரியும். ஒரு கல்லூரியின் புகார்க் குழுவில் சில ஆண்டுகள் இருந்தேன். மாணவிகளோடு ஜி.எச். வாசலிலும் மகளிர் காவல் நிலைய பெஞ்சிலும் உட்கார்ந்திருக்கிறேன். அப்போதெல்லாம் மனதைக் குடைந்த விஷயம் ஒன்று: உதவி இருந்தது, ஆனால் எங்கே, எந்த வரிசையில், எதற்குள் போவது என்று அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். தமிழ்நாட்டு வளாகங்களை மனதில் வைத்து எழுதினாலும், சட்டங்கள் இந்தியா முழுக்கப் பெரும்பாலும் ஒன்றுதான்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். உங்களுக்கு முன்னால் மூன்று கதவுகள் இருக்கின்றன: மருத்துவமனை, வளாகத்தின் புகார்க் குழு, காவல் நிலையம். மூன்றும் தனித்தனி. ஒன்றுக்குள் போனதால் மற்ற இரண்டுக்குள்ளும் போயே ஆகவேண்டும் என்பதில்லை. மூன்றிலும் ஒரே நேரத்தில் போகலாம். ஒன்றில் மட்டும் போய், மீதியைப் பிறகு யோசிக்கலாம், மருத்துவமனைக்கும் புகார்க் குழுவுக்கும் மட்டும் காலக்கணக்கு உண்டு, கீழே சொல்கிறேன். எதைத் திறப்பது என்பது உங்கள் முடிவு. உங்கள் சம்மதம் இல்லாமல் நடந்த ஒன்றுக்குப் பிறகு, அடுத்து நடக்கும் எல்லாவற்றிலும் உங்கள் சம்மதம் கேட்கப்பட வேண்டும். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான்.

முதல் சில மணி நேரம்

ஆபத்து இன்னும் பக்கத்தில் இருக்கிறது என்றால் 112, அவசர உதவி எண். எங்கே போவது, என்ன செய்வது என்று கேட்க 181, பெண்கள் உதவி எண், 24 மணி நேரமும் இயங்கும். தமிழிலேயே பேசலாம்.

அப்புறம், ஒரே ஒருவரைக் கூப்பிடுங்கள். அறைத் தோழியோ, அக்காவோ, நீங்கள் நம்பும் ஓர் ஆசிரியரோ, யாராக இருந்தாலும் சரி. முழுக் கதையையும் சொல்லத் தேவையில்லை. "எனக்கு ஒண்ணு நடந்துடுச்சு, கூட வா" என்பது போதும்.

பலரை இந்த இடத்தில் தடுத்து நிறுத்துவது வேறொரு பயம். வார்டனிடம் சொன்னால் அடுத்த நிமிடம் வீட்டுக்கு போன் போகும், அடுத்த நாள் அப்பா வந்து டி.சி. வாங்கிக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். இந்தப் பயம் வீணானதல்ல, நானே பார்த்திருக்கிறேன். எனவே இதைத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் 18 வயது நிறைந்தவர் என்றால், பெற்றோரின் கையெழுத்து இல்லாமலே சிகிச்சை பெறலாம், புகார் கொடுக்கலாம். "என் அனுமதி இல்லாமல் வீட்டில் சொல்லக் கூடாது" என்று வார்டனிடம் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. வீட்டில் சொல்ல நினைத்தால், யார் முதலில் தாங்கிக்கொள்வார்கள் என்று யோசித்து அவரிடமிருந்து தொடங்குங்கள். சில வீடுகளில் அது அம்மா இல்லை, சித்தியாக இருக்கும்.

முடிந்தால், மருத்துவமனைக்குப் போகும்வரை குளிக்காமல், உடுத்திய துணியைத் துவைக்காமல் இருங்கள். துணியை மாற்றிவிட்டீர்கள் என்றால் பழைய நியூஸ்பேப்பரிலோ காகிதப் பையிலோ போட்டு வையுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், ஈரம் தங்கி தடயம் கெட்டுப்போகும். ஏற்கெனவே குளித்துவிட்டீர்களா? பெரும்பாலானவர்கள் முதலில் செய்வது அதைத்தான். அதற்காக மருத்துவமனைக்குப் போவதை விட்டுவிடாதீர்கள். சிகிச்சைக்கு அது தடையே இல்லை, தடயமும் முழுக்க அழிந்துவிடாது.

மருத்துவமனை: 72 மணி நேரக் கணக்கு

மூன்றில் நேரம் நெருக்குவது இந்தக் கதவுதான். போலீஸ், புகார் எதையும் முடிவு செய்யாத நிலையிலும் இதற்கு மட்டும் போய்விடுங்கள் என்று கெஞ்சிக் கேட்பேன்.

காரணம் இதுதான். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் பி.இ.பி. என்ற மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பிறகு 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. சிகிச்சை) மையங்களில் கிடைக்கும். கர்ப்பத்தைத் தடுக்கும் அவசர மாத்திரையும் 72 மணி நேரத்துக்குள் நன்றாக வேலை செய்யும், ஐந்து நாள் வரை ஓரளவு பலன் இருக்கும். தமிழ்நாட்டில் பல மருந்துக் கடைகளில் இந்த மாத்திரையைக் கேட்டால் "இல்லை" என்பார்கள். கடை கடையாக அலைந்து நேரத்தை இழக்காமல் மருத்துவமனையிலேயே கேட்டு வாங்குங்கள். பால்வினை நோய்களுக்கான மருந்து, ஹெபடைடிஸ் பி தடுப்பூசி, காயம் இருந்தால் டி.டி. ஊசி, இவற்றையும் கேளுங்கள். குடித்த பானத்தில் ஏதோ கலந்திருந்தது என்று சந்தேகம் இருந்தால் அதை முதலிலேயே சொல்லுங்கள். ரத்தமும் சிறுநீரும் சீக்கிரம் எடுத்தால்தான் அது தெரியவரும்.

தடய மாதிரிகளை 96 மணி நேரம் வரை எடுப்பார்கள். அதன் பிறகும் காயங்களைப் பதிவு செய்யலாம், சிகிச்சை பெறலாம்.

தனியார் மருத்துவமனைக்கும் போகலாம். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவருக்கு எந்த மருத்துவமனையானாலும், அரசோ தனியாரோ, உடனடியாக இலவசச் சிகிச்சை தர வேண்டும். இது இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397ஆம் பிரிவு. மறுத்தால் அது குற்றம், ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. ஒருமுறை நானும் ஒரு மாணவியும் போன இடத்தில், "இது போலீஸ் கேஸ்மா, ஜி.எச்.சுக்குப் போயிடுங்க" என்று கேஷுவாலிட்டி வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். அன்று எனக்கு இந்தப் பிரிவு தெரியாது. தெரிந்திருந்தால் அந்தப் பெண் இன்னொரு ஆட்டோ ஏறியிருக்க வேண்டியதில்லை. நீங்கள் போகும்போது இந்த எண்ணை போனில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவமனை காவல்துறைக்குத் தகவல் சொல்லும், அது அவர்கள் கடமை. ஆனால் தகவல் போய்விட்டதாலேயே நீங்கள் வாக்குமூலம் கொடுத்தாக வேண்டும் என்றில்லை. "இப்போது போலீஸ் நடவடிக்கை வேண்டாம், சிகிச்சை மட்டும் போதும்" என்று சொன்னால் அதை எழுதிப் பதிவு செய்துகொண்டு சிகிச்சையைத் தொடர வேண்டும். பரிசோதனையிலும் அப்படித்தான். ஒவ்வொரு கட்டத்துக்கும் உங்கள் சம்மதம் வேண்டும். ஒன்றுக்குச் சரி என்று சொல்லி இன்னொன்றுக்கு வேண்டாம் என்று சொல்லலாம். பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கலாம். உங்கள் தோழி உள்ளே கூட இருக்கலாம்.

ஏற்கெனவே உடலுறவுப் பழக்கம் உண்டா என்று பெண்ணுறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் இரு விரல் சோதனை என்ற கொடுமையை எந்த மருத்துவரும் செய்யக் கூடாது. 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், அதைச் செய்பவர் ஒழுங்கீனக் குற்றம் புரிந்தவர் ஆவார் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. யாராவது அதற்கு முனைந்தால் "வேண்டாம்" என்று சொல்லி வெளியே வாருங்கள்.

கர்ப்பம் தரித்துவிட்டது என்று பின்னால் தெரிந்தாலும், வன்கொடுமைக்கு ஆளானவர்களுக்கு 24 வாரம் வரை சட்டப்படி கருக்கலைப்பு செய்துகொள்ள வழி உண்டு. 2021 திருத்தத்துக்குப் பிறகான நிலை இது.

இன்னும் 18 ஆகவில்லை என்றால்

முதலாமாண்டு மாணவிகள் பலருக்கு 17 வயதுதான். அவர்களுக்குப் போக்சோ, அதாவது பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், பொருந்தும். விஷயம் தெரிந்த எவரும், ஆசிரியரோ வார்டனோ மருத்துவரோ, காவல்துறைக்குத் தகவல் சொல்லியே ஆகவேண்டும். மேலே சொன்ன "உங்கள் முடிவு" என்பது இங்கே அப்படியே பொருந்தாது. நீங்கள் பேசப்போகும் ஆசிரியர் இதை முதலிலேயே உங்களிடம் சொல்லிவிடுவதுதான் நியாயம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் அழைக்கலாம்.

ஆதாரம்

நினைவில் இருப்பதை எழுதி வையுங்கள், அல்லது வாய்ஸ் ரெக்கார்டரில் பேசி வையுங்கள். வரிசையாக வராது. சில இடங்கள் வெறுமையாக இருக்கும். அதிர்ச்சிக்கு உள்ளான மூளை அப்படித்தான் சேமிக்கும். நினைவில்லாததை நிரப்பாதீர்கள், "நினைவில்லை" என்றே எழுதுங்கள்.

வாட்ஸ்அப் உரையாடல், கால் லிஸ்ட், மெயில் எதையும் அழிக்காதீர்கள். கோபத்தில் அவனை பிளாக் செய்வதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். சிசிடிவி பதிவுகள் சில நாட்களிலேயே மேலெழுதப்பட்டு அழிந்துபோகும். ஆகவே புகார் கொடுக்கத் தயாராவதற்கு முன்பே, நம்பகமான ஆசிரியர் ஒருவர் மூலமாகவாவது, "இந்தத் தேதி, இந்த இடத்துப் பதிவைப் பாதுகாத்து வைக்கவும்" என்று எழுத்தில் கொடுத்துவிடுவது நல்லது. இந்த ஒரு கடிதம் எத்தனையோ விசாரணைகளின் போக்கை மாற்றும்.

படம், வீடியோ வைத்து மிரட்டினால் பணமோ வேறெதுவுமோ கொடுக்காதீர்கள். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணிலும் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் புகார் செய்யலாம். உங்கள் பெயர் வெளியே தெரியாமலே புகார் செய்யும் வசதி அந்தத் தளத்தில் உண்டு.

வளாகப் புகார்க் குழு

மாணவர்கள் இதை 'ஐ.சி.சி.' என்பார்கள், சிலர் 'போஷ் கமிட்டி' என்பார்கள். பணியிடத்தில் பெண்கள்மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டமும் ('போஷ்' என்பது இதன் சுருக்கப் பெயர்), 2015இல் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) கொண்டுவந்த விதிமுறைகளும் இதற்கு அடிப்படை. காகிதத்தில் மட்டும் இருக்கும் குழுக்கள் உண்டு, உண்மையாக உழைக்கும் குழுக்களும் உண்டு. உங்கள் வளாகத்துக் குழு எப்படிப்பட்டது என்று அறிய அதன் அமைப்பைப் பாருங்கள். தலைவர், பல்கலைக்கழகம் என்றால் பேராசிரியர் நிலையில் உள்ள பெண்ணாக இருக்க வேண்டும். பாதிப் பேராவது பெண்கள். வளாகத்துக்கு வெளியே, பெண்கள் உரிமைக்காக வேலை செய்யும் அமைப்பிலிருந்து ஒருவர் இருக்க வேண்டும். மாணவர்கள் தொடர்பான விஷயம் என்றால் மூன்று மாணவப் பிரதிநிதிகளும் உண்டு. துணைவேந்தர், பதிவாளர், டீன், துறைத்தலைவர் ஆகியோர் உறுப்பினராக இருக்கக் கூடாது. உங்கள் எச்.ஓ.டி.யே குழுவில் உட்கார்ந்திருந்தால், அது விதிமீறல். எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்கலாம்.

வளாகம் என்றால் சுற்றுச்சுவருக்குள் மட்டும் இல்லை. கல்லூரிப் பேருந்து, களப்பயணம், இன்டர்ன்ஷிப், கலைவிழா, விளையாட்டுப் போட்டிக்குப் போன வெளியூர், எல்லாமே அடங்கும். ஆண் மாணவர்களும் திருநங்கை, திருநம்பியரும்கூட இந்தக் குழுவிடம் வரலாம். யு.ஜி.சி. விதிகள் அவர்களையும் கணக்கில் எடுத்திருக்கின்றன. குற்றவியல் சட்டத்தில் பாலியல் வன்கொடுமைப் பிரிவு பெண்களை மட்டுமே பாதிக்கப்பட்டவராகக் காண்பதால், ஓர் ஆண் மாணவருக்கு இந்தக் குழுதான் பல நேரங்களில் முக்கியமான கதவு.

புகாரை நிகழ்வு நடந்த மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தொடர்ச்சியாக நடந்தது என்றால் கடைசி நிகழ்விலிருந்து எண்ணலாம். தாமதத்துக்குக் காரணம் எழுதிக் கேட்டால் இன்னும் மூன்று மாதம் குழு நீட்டிக்கலாம். "பயந்திருந்தேன், அவர் என் கைடு, என் தீசிஸ் அவர் கையில் இருந்தது" என்பது போதுமான காரணம்.

எப்படி எழுதுவது என்று தடுமாற வேண்டாம். இலக்கணமும் இங்கிலீஷும் யாரும் பார்க்கப்போவதில்லை. தமிழிலேயே எழுதுங்கள். யார், எப்போது, எங்கே, என்ன செய்தார், நீங்கள் என்ன சொன்னீர்கள், யார் பார்த்தார்கள் அல்லது பிறகு யாரிடம் சொன்னீர்கள், உங்களுக்கு இப்போது என்ன வேண்டும். "தகாத முறையில் நடந்துகொண்டார்" என்று பொதுவாக எழுதினால், பின்னால் அதையே பிடித்துக்கொண்டு மழுப்புவார்கள். கை எங்கே பட்டது என்று எழுதக் கூசும். இருந்தாலும் எழுதுங்கள். எழுத முடியவில்லை என்றால் எழுதித் தர உதவ வேண்டியது குழுவின் சட்டக் கடமை. கொடுத்த நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் தேதியும் வாங்காமல் எழுந்து வராதீர்கள்.

அந்த "என்ன வேண்டும்" என்ற பத்தியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இடைக்கால நிவாரணம் அங்கேதான் கேட்க வேண்டும். அவர் உங்கள் விடைத்தாளைத் திருத்தக் கூடாது, இன்டர்னல் மார்க் போடக் கூடாது என்று தடுக்கலாம். கைடை மாற்றலாம். அவர் உங்கள் பக்கம் வரக் கூடாது என்று எச்சரிக்கலாம், தேவையானால் வளாகத்துக்குள்ளேயே வரக் கூடாது எனத் தடுக்கலாம். உங்களுக்கு மூன்று மாதம் வரை விடுப்பு தரலாம், அதனால் உங்கள் நிலைக்கோ சலுகைகளுக்கோ குறை வரக் கூடாது. இடம் மாற்றுவது என்று வந்தால், "ஏன் நான் மாற வேண்டும்? அவரை மாற்றுங்கள்" என்று கேளுங்கள். பாதிக்கப்பட்டவளை வேறு ஹாஸ்டலுக்கு அனுப்பிவிட்டு எல்லாம் சரிசெய்துவிட்டோம் என்று நினைப்பது நம் நிர்வாகங்களின் பழைய வழக்கம். அதை மாற்ற உங்கள் ஒரு வரி உதவும்.

காலக்கெடு இப்படி: ஏழு நாளில் எதிர்த்தரப்புக்குப் புகாரின் நகல், பத்து நாளில் அவர் பதில், 90 நாளில் விசாரணை முடிவு, பத்து நாளில் அறிக்கை, அடுத்த 30 நாளில் நிர்வாகத்தின் நடவடிக்கை. அறிக்கை உங்களுக்கும் வர வேண்டும். திருப்தி இல்லை என்றால் 30 நாளில் மேல்முறையீடு. குழுவின் முன் இரு தரப்புக்கும் வக்கீல் கிடையாது. நேருக்கு நேர் உட்கார முடியாது என்றால், கேள்விகளைக் குழு வழியாக எழுத்தில் கேட்கச் சொல்லலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, சமரசம். நீங்கள் கேட்டால் மட்டும்தான் அந்தப் பேச்சே வர வேண்டும், பணம் அதற்கு அடிப்படையாக இருக்கக் கூடாது. "மன்னிப்புக் கடிதம் வாங்கித் தருகிறேன், பையன் வாழ்க்கை கெட்டுவிடும்" என்று யார் வந்து சொன்னாலும், அன்றே பதில் சொல்ல வேண்டாம். இரண்டு, "நிரூபிக்க முடியாவிட்டால் உன்மேல் நடவடிக்கை வரும்" என்ற மிரட்டல். அது பொய். ஆதாரம் போதவில்லை என்பதற்காகப் புகார்தாரர்மேல் நடவடிக்கை எடுக்க முடியாது என்று விதியிலேயே இருக்கிறது.

குற்றம் சாட்டப்பட்டவர் நிறுவனத்தின் தலைவரேயானால், மாவட்ட அளவில் இருக்கும் உள்ளூர் புகார்க் குழுவுக்குப் போகலாம். ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள சமூக நலத்துறையில் விசாரியுங்கள்.

காவல் நிலையம்

பாலியல் வன்கொடுமைக்குப் புகார் கொடுக்கக் காலக்கெடு எதுவும் இல்லை. எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். "இது எங்க லிமிட் இல்ல" என்று திருப்ப முடியாது, ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டு உரிய நிலையத்துக்கு அவர்கள்தான் அனுப்ப வேண்டும். 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கிய அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் இன்று எல்லா மாவட்டங்களிலும் இருக்கின்றன, அங்கே போவது பலருக்கு எளிதாக இருக்கிறது. உங்கள் தகவலைப் பெண் அதிகாரிதான் பதிவு செய்ய வேண்டும். வாக்குமூலம் கொடுக்க நிலையத்துக்கு வர முடியாது என்றால், நீங்கள் சொல்லும் இடத்துக்கு அவர்கள் வர வேண்டும். வளாகக் குழுவும் போலீஸ் புகாருக்கு உதவக் கடமைப்பட்டது.

புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பிவிடப் பார்ப்பார்கள். எஃப்.ஐ.ஆர். நகலைக் கேளுங்கள், அது இலவசம். பதிய மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்கோ மாநகரமானால் கமிஷனருக்கோ எழுத்தில் அனுப்புங்கள், அதற்கும் மேலே மாஜிஸ்திரேட் இருக்கிறார். பதிவானபின் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும்.

நீங்கள் பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்தவர், அவர் அப்படி இல்லை என்றால், அதை முதல் புகாரிலேயே எழுதுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவுகளும் சேரும், டி.எஸ்.பி. நிலை அதிகாரி விசாரிக்க வேண்டிவரும், தனி நிவாரணத் தொகையும் உண்டு. பலர் இதைச் சொல்லத் தயங்குகிறார்கள். பின்னால் சேர்ப்பதற்குப் பெரும்பாடு படவேண்டும்.

உங்கள் பெயரையோ அடையாளத்தையோ வெளியிடுவது, இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்படி குற்றம். சட்டம் இருந்தும் மீறல் நடக்கிறது. 2024 டிசம்பரில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் தாக்கப்பட்ட மாணவி துணிந்து புகார் கொடுத்தார், அவருடைய விவரங்களோடு எஃப்.ஐ.ஆர். வெளியே கசிந்தது. அதை நினைத்தால் இன்றும் மனம் கொதிக்கிறது. சென்னை உயர் நீதிமன்றம் பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் மூவரைக் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது, மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தர அரசுக்கு உத்தரவிட்டது. 2025 ஜூன் 2 அன்று குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை, குறைந்தது 30 ஆண்டு குறைப்பின்றி, என்று மகளிர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. புகாரிலிருந்து தீர்ப்புவரை ஆறு மாதம்கூட ஆகவில்லை. எல்லா வழக்கும் இந்த வேகத்தில் போகாது. பல ஆண்டு இழுக்கும் வழக்குகளே அதிகம், அதையும் தெரிந்தே இறங்குங்கள்.

வக்கீல், பணம், தங்க இடம்

பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100க்கு அழையுங்கள். இழப்பீட்டுக்கும் அங்கேதான் விண்ணப்பம். 2018ஆம் ஆண்டின் தேசியத் திட்டப்படி பாலியல் வன்கொடுமைக்கு 4 முதல் 7 லட்சம் ரூபாய். தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம், இடைக்காலத் தொகை கேட்கலாம். ஹாஸ்டலில் இருக்க முடியாத நிலை என்றால் 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையத்தில் சில நாள் தங்கலாம், ஆலோசனை, போலீஸ் உதவி, சட்ட உதவி எல்லாம் அங்கேயே கிடைக்கும். 181இல் கேட்டால் உங்கள் மாவட்டத்து மையத்தைச் சொல்வார்கள்.

மனசு

தூக்கம் வராது. வந்தால் கனவு. ஒரு பெர்ஃபியூம் வாசனை போதும், உடம்பு உறைந்துபோகும். சிலர் அழவே மாட்டார்கள், மறுநாள் லேபுக்கு வந்து சிரித்துப் பேசுவார்கள், அதைப் பார்த்து "இவளுக்கு ஒன்றும் ஆகவில்லை" என்பவர்களும் இருப்பார்கள். "நான் ஏன் கத்தவில்லை" என்று பலர் தங்களையே குடைந்துகொள்கிறார்கள். ஆபத்தில் உடல் உறைந்துபோவது இயல்பான எதிர்வினை, அது சம்மதம் ஆகாது.

டெலி மனஸ் என்ற மனநல உதவி எண், 14416, இலவசம், இரவிலும் தமிழில் பேசலாம். வளாக ஆலோசகரிடம் போகிறீர்கள் என்றால் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: "நான் சொல்வது யாரிடம் போகும்?" நேராகப் பதில் சொல்லாதவரிடம் மேற்கொண்டு பேச வேண்டாம். செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அன்றிரவு தனியாக இருக்காதீர்கள்.

தோழியாக, நண்பனாக இருப்பவருக்கு

"நான் உன்னை நம்புறேன்டி." முதலில் இதைச் சொல்லுங்கள். ஏன் அங்கே போனாய், ஏன் அந்த நேரத்தில், ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை, இந்த மூன்று கேள்விகளையும் கேட்காதீர்கள். அவனை அடிக்கக் கிளம்பாதீர்கள், வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள், அவள் பெயர் சேர்த்துப் போராட்டம் அறிவிக்காதீர்கள். "ஆஸ்பத்திரிக்குப் போலாமா, இல்ல கொஞ்ச நேரம் இங்கயே இருக்கலாமா?" என்று கேளுங்கள். பதில் அவளுடையது.

அப்புறம் சின்னச் சின்ன வேலைகள். அவள் போனை சார்ஜில் போடுங்கள். மாற்றுத்துணி ஒரு செட், தண்ணீர், அடையாள அட்டை, கொஞ்சம் சில்லறை, ஒரு நோட்டு, பேனா எடுத்துக்கொள்ளுங்கள். எந்த அலுவலகத்தில் யார் என்ன சொன்னார்கள் என்று நேரம் போட்டு நீங்கள் எழுதுங்கள், அவளால் அன்று எழுத முடியாது. கிளாஸ் நோட்ஸ் எடுத்து வையுங்கள். 28 நாள் மாத்திரைக்கு உங்கள் போனிலும் ஒரு அலாரம் வையுங்கள். முதல் வாரம் எல்லோரும் கூட இருப்பார்கள். மூன்றாவது மாதம் விசாரணைக்குக் கூப்பிடும் நாளில் வராந்தாவில் அவளோடு உட்கார யாரும் இருக்க மாட்டார்கள், அந்த நாளுக்கு லீவு போட்டு வையுங்கள்.